இல்லம் எவ்வூரில் அமைய வேண்டும்?

கணவன் ஓரூரிலும் மனைவி வேறோரூரிலும் உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் கடலூர் மாவட்டத்தில் இன்று அபூர்வமானவை அல்ல. ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் சிப்காட் தொழிற்சாலைகளும் கடலூரில் இருக்க, அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 2021-ஆம் ஆண்டில் அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டுக் கடலூரின் பெயரைத் தாங்கி நிற்கும் அரசு மருத்துவக் கல்லூரியும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் இருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை வழியாக ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நாள்தோறும் போய்வர இயலாத தூரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது; போய்வந்த பிறகும் உடம்பில் தெம்பும் மனத்தில் சாந்தியும் மிஞ்சும் தூரம் என்றும் சொல்வதற்கில்லை. இந்த இரண்டுங்கெட்டான் தூரம்தான் தம்பதியரைத் தடுமாற வைக்கிறது. இதில் என் அபிப்பிராயம் ஒன்றே: இல்லத்தின் பாரத்தை அதிகமாகச் சுமப்பவர் எவரோ, அவருடைய பணியிடத்துக்கு அருகிலேயே இல்லம் அமைய வேண்டும், தூரத்தை மற்றவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முந்தைய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக எழவில்லை. 1929-இல் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதைச் சுற்றி ஓர் ஊரே உருவாகி, ஆசிரியர்களில் பலர் வகுப்பறையிலிருந்து நடந்தே வீட்டுக்கு வரும் சௌகரியத்தோடு வாழ்ந்தார்கள். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டபோதும் சுரங்கத்தோடு சேர்த்து நகரியமும் எழுந்தது. வேலை கொடுப்பவரே வீடும் கொடுத்த காலம் அது. பெரும்பாலும் குடும்பத்துக்கு ஓர் உத்தியோகம் என்றிருந்த காலமும் அதுதான். மனைவியும் உத்தியோகத்துக்குச் சென்ற அன்றே, ஒருவரின் பணியிடத்தை மட்டும் மனத்தில் கொண்டு வீடு பார்க்கும் வழக்கம் பொருந்தாமற் போயிற்று. பின்னர் 2013-இல் பல்கலைக்கழகத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, உபரியானவர்கள் என்று கணக்கிடப்பட்ட ஆசிரியர்களையும் அலுவலர்களையும் பணி நிரவல் என்னும் பெயரால் வெளியூர்க் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பத் தொடங்கியபோது, சிதம்பரத்தில் வேலை என்றால் ஆயுள் முழுவதும் சிதம்பரம்தான் என்று நம்பி வீடு கட்டியவர்களும் பெட்டியைத் தூக்க வேண்டியதாயிற்று. ஸ்திரமானது என்று எண்ணிய உத்தியோகமும் இடம் மாறக்கூடும் என்பதை அந்த அனுபவம் இந்த ஊருக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது.

இப்படிப்பட்ட குடும்பங்களில் முதலில் தோன்றும் யோசனை, இருவருக்கும் நடுவே வீடு பார்த்துவிடலாம் என்பதே. ஆலப்பாக்கமோ புதுச்சத்திரமோ ஏறத்தாழ நடுவில் இருக்கின்றன, வாடகையும் குறைவு, ரயில் நிலையமும் உண்டு, ஆளுக்குப் பாதித் தூரம் என்பது பார்வைக்கு நியாயமாகவும் படுகிறது. ஆயினும் பிரயாணத்தின் கஷ்டத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பது பிழை. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடப்பதும், பேருந்துக்குக் காத்திருப்பதும், இறங்கிய இடத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகம் சேர்வதும் தூரம் பாதியானாலும் பாதியாவதில்லை. இந்தச் சிரமம் முன்பு ஒருவருக்கு இருந்தது, இப்போது இருவருக்கும் ஆகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பேருந்து நிலையத்திலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். இடைவழியில் நிற்பவரோ, ‘பாயிண்ட் டு பாயிண்ட்’ வண்டிகள் நிற்காமல் பறந்து போவதைப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் வண்டியின் படிக்கட்டில் கால் வைக்க இடம் தேட வேண்டியிருக்கிறது. கடலூர்ப் பக்கமாகச் சற்று நகர்ந்து வீடு பார்த்தாலோ, சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளின் காற்றைக் குழந்தைகள் சுவாசிக்க வேண்டி வருமே என்ற கவலை குறுக்கிடுகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப் போங்கள் என்று தொலைபேசி வருகிறது. நடுவழியில் வீடும் பள்ளியும் அமைந்திருந்தால், தாயும் தந்தையும் ஆளுக்கொரு திசையில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார்கள். ஒரு முனையில் வீடு இருந்தால் ஒருவராவது கால் மணி நேரத்தில் பள்ளி வாசலில் நிற்க முடியும். 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையும், 2011 இறுதியில் கரையைக் கடந்த ‘தானே’ புயலையும், 2015-இன் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. கார்த்திகை மாதத்து மழையில் சாலை துண்டிக்கப்பட்டு, பெற்றோர் இருவருமே வீடு திரும்ப முடியாத நிலை ஏற்படலாம் என்பதை இங்கே எவரும் கற்பனை என்று ஒதுக்க மாட்டார்கள். ஆகவே இருவரும் சமமாக விலகி நிற்பதைவிட, ஒருவரேனும் அருகில் இருப்பதே குடும்பத்துக்கு க்ஷேமம்.

அப்படியானால் எந்த முனை? இந்த இடத்தில்தான் நம் சமூகத்தின் பழக்கம் விவேகத்தை முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கணவனுடைய உத்தியோகம் எங்கேயோ, அல்லது அவனுடைய பெற்றோரின் வீடு எங்கேயோ, அங்கேதான் குடித்தனம் என்று விவாதமே இல்லாமல் முடிவாகிறது. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, நம் தேசத்தில் வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷங்களையும், ஆண்கள் 97 நிமிஷங்களையும் அவற்றில் செலவிடுகிறார்கள். ஐந்து மணி நேர வீட்டு வேலையைச் சுமப்பவரின் தலையிலேயே மூன்று மணி நேரப் பிரயாணத்தையும் ஏற்றுவது எந்தத் தர்மத்தில் சேரும்?

கடலூரில் குடியிருந்து சிதம்பரத்தில் பணிபுரியும் ஒரு செவிலியரின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, இட்லி ஊற்றி, குழந்தைகளின் டிபன் டப்பாக்களையும் தம் டப்பாவையும் கட்டி வைத்து, மாமியாரின் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புறப்படும் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். மாலையில் சிதம்பரத்தில் பேருந்து ஏறுமுன் கைப்பையில் கத்தரிக்காயும் கீரைக்கட்டும் வாங்கித் திணித்துக்கொள்கிறார். வீட்டருகே இறங்கும் நேரத்தில் கடையில் நல்ல காய் மிஞ்சியிருக்காது என்பது அவருக்குத் தெரியும். வீடு சேர்ந்ததும் அரிவாள்மனையின் முன் உட்கார வேண்டும். அவருடைய கணவரின் அலுவலகமோ வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தொலைவில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கொடுமை என்று அந்தக் குடும்பத்தில் எவரும் நினைப்பதில்லை. வழக்கம் என்றே நினைக்கிறார்கள். அதனால்தான் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. கணவனின் சம்பளம் அதிகமாயிருக்கலாம். அவருக்கு இரவு நேர ஷிஃப்ட் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பது ஆண்டுகளாக ஒரே தெருவில் வாழ்ந்து, கோயிலும் மருந்துக்கடையும் பழகிய மனிதர்களும் கைக்கெட்டும் தூரத்தில் அமையப்பெற்ற முதியோரை வேரோடு பெயர்த்து வேற்றூருக்கு அழைத்துச் செல்வது பாவம் என்று ஒரு மகன் எண்ணினால், அந்த எண்ணம் மரியாதைக்கு உரியது. அத்தகைய குடும்பம் கடலூரிலேயே இருக்கட்டும். ஆனால் மனைவி தூரத்தை ஏற்றால், கணவன் அடுப்பங்கரையை ஏற்க வேண்டும். மாலைச் சமையலும் குழந்தைகளின் பாடமும் அருகிலிருப்பவரின் பொறுப்பாக வேண்டும். இந்த ஒப்பந்தம் இல்லாத குடும்பங்களில் சில ஆண்டுகளுக்குள் நிகழ்வது பெரும்பாலும் மனைவியின் ராஜிநாமாதான். அதனால் அந்தக் குடும்பம் ஒரு சம்பளத்தை இழப்பதோடு, ஊரும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையையோ செவிலியரையோ இழந்துவிடுகிறது.

இன்னொரு யோசனையும் சொல்ல வேண்டும். கல்யாணமான மறு வருஷமே வங்கிக் கடன் வாங்கி மனை வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் நம்மவரிடம் பலமாக இருக்கிறது. இருவருடைய பணியிடமும் நிலைபெறாத வயதில் இருபது வருஷத் தவணையோடு ஓரிடத்தில் கட்டுண்டுவிட்டால், பணி மாறுதல் உத்தரவு வரும் நாளில் வீடே விலங்காகிவிடும். முதற் சில வருஷங்கள் வாடகை வீட்டில் இருந்து, இரு பக்கமும் போய்வந்து பார்த்து, பிறகு நிலையான முடிவு செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

தம்பதியர் தமக்குள் எவ்வளவு நியாயமாகப் பகிர்ந்துகொண்டாலும், தூரத்தைக் குறுக்கும் சக்தி அவர்களிடம் இல்லை. அது அரசிடம்தான் இருக்கிறது. செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலியப் பௌதிக அறிஞர் 1994-இல் வெளியிட்ட ஆய்வுரையில், மனிதர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தையே பிரயாணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். அந்த அளவுக்கு நெருங்கி வரும் வாகனம் இங்கே ரயில் ஒன்றுதான். விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதை அகலப்பாதையாகி 2010-இல் மீண்டும் ரயில்கள் ஓடத் தொடங்கின, மின்மயமும் ஆயிற்று. ஆயினும் அது ஒற்றை வழித்தடமாகவே நீடிப்பதால், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் வண்டிகள் காத்துக் கிடக்கின்றன. காலையில் அலுவலக நேரத்துக்கு இரு திசையிலும் ஒவ்வொரு வண்டியும், மாலையில் அவ்வாறே ஒவ்வொரு வண்டியும், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய நிலையங்களில் நின்று செல்லுமாறு நேரம் தவறாமல் இயங்கினால், சீசன் டிக்கெட்டோடு எத்தனையோ குடும்பங்களின் சங்கடம் தீரும்.

அவ்வாறே, 2021 மே மாதம் முதல் மகளிர்க்கு வழங்கப்படும் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளோடு நின்றுவிடுகிறது. இரு நகரங்களுக்கிடையே நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்குப் புறநகர்ப் பேருந்துகளில் சலுகைக் கட்டண மாதாந்தர அட்டையாவது தர வேண்டும். கணவன் மனைவியரைக் கூடுமானவரை ஒரே ஊரில் நியமிக்க வேண்டும் என்று மத்திய அரசு தன் ஊழியர்கள் விஷயத்தில் 1986-லேயே வழிகாட்டி, 2009-இல் அதை மேலும் வலியுறுத்தியது. நம் மாநிலத்தின் ஆசிரியர் கலந்தாய்விலும் இதற்கு முன்னுரிமை உண்டு. பணி நிரவலுக்கு உள்ளானோர்க்கும் அதே கருணை தயக்கமின்றிக் காட்டப்பட வேண்டும்.

இவையெல்லாம் வரும்வரை காத்திராமல், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, யாருடைய சம்பளம் பெரியது என்று கேட்பதை விடுத்து, யாருடைய நாள் நீளமானது என்று கேட்டுக்கொள்ளட்டும். நீண்ட நாளை உடையவருக்கு வீடு அருகில் இருக்கட்டும். பெரும்பாலான குடும்பங்களில் அவர் மனைவியாகவே இருப்பார் என்பதை ஆண்கள் கூச்சமின்றி ஒப்புக்கொண்டு, பஸ் பிடிக்கும் முறையைத் தாம் ஏற்றுக்கொள்வதே இல்லற தர்மத்துக்கு உகந்தது.