க்ளூ என்றால் நூற்கண்டு

"ஸார், ஒரே ஒரு க்ளூ கொடுங்க ஸார்!"

கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் வகுப்பில் இந்தக் குரல் எழுந்துவிடும். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிந்த பந்து எவ்வளவு உயரம் செல்லும்? "உச்சியில் இருக்கும் கணத்தில் பந்தின் வேகம் என்ன? யோசித்துப் பார்" என்பேன். ஒரு நிமிடம் கழியும். "அப்போ விடை எவ்வளவு ஸார்?" என்று அதே குரல் கேட்கும். கேட்டது க்ளூ, வேண்டியிருந்ததோ விடை!

மாணவ நண்பர்களே, 'க்ளூ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முற்காலத்தில் நூற்கண்டு என்றுதான் பொருள். அது 'குறிப்பு' என்று ஆனதற்கு ஒரு கிரேக்கப் புராணக் கதை காரணம். கிரீட் தீவில் ஒரு மாளிகை. உள்ளே போனவர் வெளியே வர முடியாதபடி சிக்கலான பாதைகள். நடுவே காளைத் தலை கொண்ட ஓர் அரக்கன். அவனைக் கொல்லச் சென்ற தீஸியஸ் என்னும் வீரனுக்கு இளவரசி அரியாட்னி ஒரு நூற்கண்டைக் கொடுத்தாள். ஒரு முனையை வாசலில் கட்டிவிட்டுப் போனவன், அரக்கனைக் கொன்றபின் அந்த நூலைப் பிடித்தே வெளியே வந்தான். நூல் அவனைத் தூக்கி வரவில்லை, நடந்தவன் அவன்தான்.

விஞ்ஞானத்திலும் இப்படித்தான். 1785ஆம் ஆண்டில் ஹென்றி கேவண்டிஷ் காற்றில் மின்பொறிகளைச் செலுத்தி, அதிலிருந்த நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீக்கிப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சியது. அது நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அதை அவர் எழுதி வைத்தார். நூலின் முனை தரையில் கிடந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பிடித்து நடப்பார் இல்லை.

பின்னர் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தார். அம்மோனியாவைப் பயன்படுத்தித் தயாரித்த நைட்ரஜன், காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனைவிடச் சற்று இலேசாக இருந்தது. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். 'அளவீட்டுப் பிழை' என்று தள்ளிவிடலாம் அல்லவா? அவர் தள்ளவில்லை. முதல் முறையில் காற்று நைட்ரஜனும் கலந்திருந்தது. அது கலவாமல், முழுவதும் அம்மோனியாவிலிருந்தே நைட்ரஜனைத் தயாரித்து அளந்தார். வேறுபாடு 200இல் ஒரு பங்காக உயர்ந்தது! இதற்கிடையே, 1892இல் 'நேச்சர்' இதழில் கடிதம் எழுதி, காரணம் என்னவாக இருக்கும் என்று மற்றவர்களிடமும் கேட்டார். வில்லியம் ராம்சேயும் ஆய்வில் இறங்கினார். 1894இல் காற்றில் மறைந்திருந்த ஆர்கான் வெளிப்பட்டது. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ராலேக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில்.

ராலே கேட்டதும் க்ளூதான். ஆனால் அதற்கு முன் அவர் எத்தனை தூரம் நடந்திருந்தார்!

ஆகவே, க்ளூ கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கேளுங்கள். கொஞ்சம் முயன்று, எந்த இடத்தில் வழி தெரியவில்லை என்று சொல்லிக் கேளுங்கள். கிடைத்ததும் நீங்களே நடங்கள். 'குறிப்பு' என்ற பெயரில் முழு விடையையும் அச்சிடும் வழிகாட்டிப் புத்தகங்கள் நூலைக் கொடுப்பதில்லை. உங்களைத் தூக்கிச் சென்று வாசலில் இறக்கிவிடுகின்றன. மணி அடிக்கும் அவசரத்தில் நானும் பலமுறை அதையே செய்திருக்கிறேன். ஆசிரியர்களாகிய நாங்களும் திருந்த வேண்டும்.

தமிழில் க்ளூவைத் 'துப்பு' என்கிறோம். துப்பு என்றால் திறமை என்றும் பொருள் உண்டு. முதல் துப்பை யாரும் கொடுக்கலாம். இரண்டாவது துப்பு உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

அது சரி, அந்தப் பந்து எவ்வளவு உயரம் சென்றது? உச்சியில் அதன் வேகம் என்ன?