இலையும் கனியும்

சங்க மலரில் சமயத்தைத் தொடலாகாது என்பர் சிலர். அதிலும் தன் சமயத்தாரையே சாடுவது வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவருவதாகும் என்று என் கிறிஸ்தவ நண்பர்கள் கடிந்துகொள்ளவும் கூடும். அவர்களுக்கு என் விடை இதுதான். இயேசு பெருமான் தம் கடுமையான சொற்களைப் பாவிகள் என்று ஊர் ஒதுக்கியவர்மீது வீசினாரில்லை. வேதம் ஓதி, வீதி முனையில் நின்று செபித்த பரிசேயர்மீதே வீசினார். வெளியே வெள்ளையடித்து உள்ளே எலும்பு நிறைந்த கல்லறைகளுக்கு அவர்களை ஒப்பிட்டார். வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கை எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டீர்களே என்று இடித்துரைத்தார். ஆண்டவர் தொடங்கிவைத்த கண்டனத்தை அடியவன் தொடர்வதில் பிழை என்ன?

இக்கண்டனம் தமிழர்க்குப் புதிதுமன்று. புலித்தோல் போர்த்து மேய்ந்த பசுவைக் காட்டிக் ‘கூடா ஒழுக்கம்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் சாடியதும் இவ்வேடத்தையே. ஆதலின் இது ஒரு சபையின் வழக்கன்று; மனித நெஞ்சின் வழக்கு. எனினும் பிறர் வீட்டுக் குப்பையைக் கிளறுவதினும் என் வீட்டைப் பெருக்குவதே முறை.

மாற்கு எழுதிய நற்செய்தியில் ஓர் அத்திமரம் வருகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தழைத்து நிற்கிறது. கிட்டச் சென்று தேடினால் இலையன்றி வேறில்லை. நம் கிறிஸ்தவ வாழ்வில் இலைக்கு என்ன பஞ்சம்? ஞாயிறு தவறாத ஆராதனை, தோல் அட்டையிட்ட வேதாகமம், அறிக்கையில் வாசிக்கப்படும் காணிக்கைத் தொகை, கமிட்டித் தேர்தல், முன்வரிசை இருக்கை! பவுலடிகளோ கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனியாக ஒன்பது பண்புகளை எண்ணுகிறார். அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடியும் அப்பட்டியலில் கோயில் வருகைப் பதிவும் இல்லை. உபவாச நாள்களின் கணக்கும் இல்லை. அவ்வொன்பதில் பெரும்பாலானவை அயலான் ஒருவன் நம்மிடம் சுவைத்துப் பார்த்தே அறியத்தக்கவை. மரம் தன் கனியைத் தானே தின்பதில்லை.

இலைமூடிய வறுமைக்கு நம் நெல்லைச் சீமையிலேயே கல்லால் எழுப்பிய சான்று ஒன்றுண்டு. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதிக்கு ஒன்றாக இரு கூடங்கள் அமைந்தன. பீடம் மட்டும் பொது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டபோது, எங்கள் உரிமை போயிற்று என்று சிலர் நீதிமன்றம் ஏறினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. சிலுவையில் தொங்கியவரைப் பங்கிட முடியாதவர்கள் அவரைப் பார்க்கும் பக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள்! அது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2008ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்து இறையூரில், ஒரே சபையைச் சேர்ந்த இரு சாதியாரிடையே எழுந்த பூசல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இருவர் உயிரைக் குடித்தது.

“அதெல்லாம் ஊரில், தலைநகரில் நாம் எல்லாரும் ஒரே பெஞ்சில்தானே அமர்கிறோம்?” என்பீர்கள். அமர்கிறோம், மெய்தான். ஆயின் மகளுக்கு வரன் தேடும்போது நாம் ஊருக்கு எழுதும் கடிதத்தின் முதல் கேள்வி எது? மாப்பிள்ளையின் ஒழுக்கமா? குலமா? ஆலயத்தில் இறக்கிவைத்த சுவரை அஞ்சல் உறையில் மடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவே.

பிறரைக் கேட்டது போதும். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு லெந்து காலம். நாற்பது நாளும் ஒருவேளை உணவு. மாலைதோறும் தியானக் கூட்டம். அந்நாள்களில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேசைக்கு வந்தது. சான்றிதழ் ஒன்றில் அவர் கணவரின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது. மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினால் தீரும். நாளை எழுதலாம் என்று கட்டிவைத்தேன். நான் கைக்கூலி கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெருமையாய் இருந்தது. பெரிய வியாழனன்று அவ்வம்மையார் சிறுவன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். “பாபுஜி, மூன்று மாத வாடகை நிற்கிறது” என்று இந்தியில் சொன்னார். “ஆகட்டும், பார்க்கலாம்” என்று எழுந்துவிட்டேன். ஆலயத்தில் எனக்கு வேலை இருந்தது. சீடருடைய பாதங்களை ஆண்டவர் கழுவிய பகுதி அன்று மாலை வாசிக்கப்பட்டது. வாசித்தவன் நான்.

பாதி வாசிப்பில் என் குரல் கம்மிற்று. கேட்டவர்கள் அதைப் பக்தி என்று எண்ணினார்கள்.

திங்களன்று குறிப்பை எழுதினேன். கால் மணி நேரம் பிடித்தது. அந்தக் கால் மணிக்காக ஒரு குடும்பம் என் நோன்புக் காலம் முழுவதும் காத்திருந்தது. பட்டினி கிடந்தவன் நானா, அவர்களா?

“இரட்சிப்பு விசுவாசத்தால் வருவது, கிரியைகளால் அன்று” என்று எனக்கு வேதம் காட்ட வருவோர் உளர். நானும் அதையே நம்புகிறேன். கனி மரத்துக்கு உயிர் கொடுப்பதில்லை. ஆயினும் மரம் உயிரோடிருப்பதைக் காட்டுவது கனியே. வேரைப் பற்றிய கொள்கையைக் கனியில்லாமைக்குச் சாக்காக்குவது எந்த வேதத்தில் உள்ளது?

கனிந்த மரம் ஒன்றையும் காட்டுகிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறிஸ்தவர். நீதிமன்றத்தில் பதிவேடு காக்கும் பணியில் தொடங்கி முன்சீப் ஆனவர். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பதற்காக நாம் அவரைப் போற்றுகிறோம். அதனினும் பெரிதொன்று உண்டு. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் அவர் தம் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தோர்க்கு வார்த்தார். வந்தவரின் சமயத்தைக் கேட்டாரில்லை. அதைக் கண்டு மனமுருகிப் பாடியவர் யார்? சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார். கோயில் வாயிலில் நின்று ஏங்கிய நந்தனாரின் சரித்திரத்தைப் பாடிய அதே பெருமகன். கிறிஸ்தவனின் கனிக்குச் சைவப் புலவர் சான்று பகர்ந்தார். அத்தகைய சான்றுக்கு ஈடான சபைச் சான்றிதழ் ஏதுமில்லை.

கிறிஸ்தவ நண்பர்களே! வரும் ஞாயிறன்று நம்மைப் பற்றி நம் போதகரைக் கேட்கவேண்டாம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணையும், நம் மேசைமுன் காத்துநிற்கும் மனிதரையும் கேட்போம். இலைகளை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்குக் கனியின் கணக்கைச் சொல்லத்தக்கவர்கள் அவர்களே. என் கணக்கில் நாற்பது நாள் கடன் இன்றும் நிற்கிறது.