எட்டு விளக்கும் எரிந்தது, ஆனாலும் லைன் வரவில்லை!

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "கவிதை ஏற்கனவே பதினேழு வந்தாச்சு, நீயாவது வேற ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்றார். எனக்குக் கவிதை வராது. கேபிள் வரும். ஆகவே கேபிளைப் பற்றியே எழுதுகிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் வருகிறது. சிரிப்பவர்கள் சிரித்துக் கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தார் சுற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் குமாரபாளையம் பக்கம் ஒரு கேபிள் ஆபரேட்டர் அண்ணனோடு வேலைக்குப் போவேன். ஒரு காலத்தில் டிவிக்குக் கேபிள் இழுத்தவர், இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்கிறார். டீ, டிபன் போக நானூறு ரூபாய் தருவார். பஸ் செலவுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும்.

போன சித்திரையில் ஒரு வீடு. முன்னால் வீடு, பின்னால் தறிக்கூடம், கூடத்துக்கு மேலே ஆபீஸ் ரூம். அந்த வீட்டு அக்கா அங்கே உட்கார்ந்துதான் நாலைந்து தறிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். வீட்டில் மெஷ் வைஃபை வைத்திருந்தார்கள். மெஷ் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரே பெயரில் வீடு முழுக்க சிக்னல் தருகிற இரண்டு மூன்று பெட்டிகள், அவ்வளவுதான். ஃபைபர் பெட்டியோடு சேர்ந்திருப்பது தாய்ப்பெட்டி, தள்ளி வைப்பது பிள்ளைப்பெட்டி என்று நான் சொல்வேன். தாயும் பிள்ளையும் காற்றிலேயும் பேசிக்கொள்ளலாம், கம்பி வழியாகவும் பேசிக்கொள்ளலாம். நடுவில் இரண்டு கான்கிரீட் தளம் இருந்ததால் காற்று சரிப்படவில்லை. நாற்பது மீட்டர் கேபிள் இழுத்தோம். இரண்டு முனையும் கிரிம்ப் செய்தது நான்தான்.

ஒரே வாரத்தில் புகார் வந்தது. ஆபீஸ் ரூமில் நெட் வருது, போகுது. கம்பியில் மாட்டிய கம்ப்யூட்டரும் அப்படியே. அடுத்த ஞாயிறு போனேன். டெஸ்டரை எடுத்து ஒரு பாதியைக் கீழே மாட்டினேன், இன்னொரு பாதியை மேலே மாட்டினேன். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. "கேபிள் பக்காவா இருக்குதுங்க, பெட்டிதான் போயிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். மூன்றாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்கினார்கள். மாட்டினேன், நன்றாக ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டு வீடு வந்தேன். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் போன். மறுபடியும் போயிருச்சு!

இப்படியே இரண்டு ஞாயிறு போனது. நான் போகும்போதெல்லாம் நன்றாக இருக்கும், திரும்பினால் போய்விடும். கடைசியில் அந்த அக்காதான் சொன்னார்: "தம்பி, நீங்க வர்ற அன்னிக்குத் தறி ஓடறதில்லீங்க. தறி நின்னா நல்லாத்தான் வருது."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாகப் படிப்பவன் கவனிக்காததைக் கணக்கு எழுதுகிற அக்கா கவனித்திருக்கிறார்.

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். இருபது தறியும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த முறை எதையும் மாற்றிப் போடவில்லை. புதுக் கேபிள் ஒன்றைச் சரியாகக் கிரிம்ப் செய்து, தரையோடு தரையாக வெளியிலேயே போட்டுப் பார்த்தேன். லைன் ஆடாமல் அசையாமல் நின்றது. அப்படியானால் பெட்டி குற்றவாளி இல்லை! பழைய கேபிளின் முனையை வெட்டிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக வரிசையாக நின்றன. என் கைவேலை. ஏணி மேல் நின்றபோது கூட வந்த ஒருவர், "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும்டா" என்று சொன்னதை நம்பிச் செய்தது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வைவாவில் நாம் எல்லோரும் ஒப்பிக்கிறோம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி 568 பி. அந்தப் பச்சை ஏன் பிரிந்து மூன்றிலும் ஆறிலும் நிற்கிறது, நடுவில் நீலம் ஏன் வந்து உட்கார்ந்தது என்று நம்மில் யாராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. நடு ஜோடி டெலிபோனுக்கு உரிய இடம். பழைய டெலிபோன் வயரிங்கோடு ஒத்துப்போக வேண்டும் என்று நீலத்தை நடுவில் வைத்தார்கள். அடுத்த ஜோடி அதற்கு இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்க வேண்டியதாயிற்று.

நிறம் முக்கியமில்லை, ஜோடிதான் முக்கியம். கேபிளுக்குள் இருப்பது எட்டுக் கம்பி என்று எண்ணக் கூடாது, நாலு ஜோடி. ஒரு ஜோடியில் ஒரு கம்பியில் போகிற சிக்னலுக்கு நேர் எதிர் சிக்னல் அடுத்த கம்பியில் போகும். இரண்டும் முறுக்கிக்கொண்டு போவதால் வெளி இரைச்சல் இரண்டின் மேலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். கடைசியில் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்து போய்விடும். டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் 1881-லேயே இந்த முறுக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நான் என்ன செய்தேன்? மூன்றாவது காலில் பச்சை ஜோடியில் ஒன்று, ஆறாவது காலில் நீல ஜோடியில் ஒன்று. இரண்டும் வெவ்வேறு முறுக்கில் போகின்றன. நாற்பது மீட்டர் தூரம், பக்கத்திலேயே தறிக்கூடத்துக்குப் போகும் த்ரீ ஃபேஸ் வயர். தறி மோட்டார் இரைச்சல் எல்லாம் என் கேபிளில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சரி, டெஸ்டரில் எட்டு விளக்கும் எப்படி எரிந்தது? டெஸ்டர் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தக் கம்பி அந்தப் பக்கம் போய்ச் சேருதா?" சேர்ந்தது. "உன் ஜோடி யாரு?" என்று அது கேட்பதில்லை. நம்மிடம் இருக்கும் முந்நூறு ரூபாய் டெஸ்டருக்கு அதைக் கேட்கத் தெரியாது. அதைத் தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். எங்கப்பா ஐந்தாவது வரை படித்தவர். "ஏன் கண்ணு, லுங்கிக்குப் பாவு பிணைக்கறப்ப கலரு மாத்திப் பிணைச்சா நூலு அறுகாது, தறியும் நிக்காது. ஆனா துணி போச்சு. கூலியில புடிப்பாங்க. உனக்கு யாரு புடிக்கறா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு அந்த வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லி, புதுக் கேபிளைச் சுவரோடு நிரந்தரமாக இழுத்து முடித்தேன். பெட்டிக்கான பணத்தை மாசாமாசம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அக்காவின் அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. "பெட்டி இருக்கட்டும், மாடிக்கு ஆவும். ஆனா தம்பி, தெரியலீன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். பணத்தை வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

நண்பர்களே! அதன்பின் இந்த வேலையை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். போகிற வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி என்று நிற்பது பெட்டி. பார்த்தால் அது நிரபராதி. ராசிபுரத்தில் ஒரு வீடு. கீழே கம்பியில் மாட்டிய பிரிண்டர், மேலே வைஃபையில் இருக்கும் லேப்டாப்புக்குத் தெரியவே இல்லை. ஃபைபர் பெட்டியும் ஒரு ரூட்டர், தாய்ப்பெட்டியும் ஒரு ரூட்டர். இரண்டும் தனித்தனியாக விலாசம் கொடுத்துக் கொண்டிருந்தன, ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பத் தலைவர் மாதிரி. மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினோம், முடிந்தது. சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் ஸ்விட்சின் எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னியது, ஒருவருக்கும் நெட் இல்லை. பெருக்கும்போது சும்மா தொங்கிய கேபிள் முனையை யாரோ நல்ல மனசோடு அதே ஸ்விட்சில் சொருகிவிட்டார்கள். போன டேட்டா சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. இப்படிச் சுற்றாமல் தடுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே கண்டுபிடித்துவிட்டார். நம் கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த ஸ்விட்சுகளில் பலவற்றில் அது கிடையாது.

இன்னொன்று, பலர் ஏமாறுவது. பிள்ளைப்பெட்டியின் பின்னால் ஒரு கேபிளைச் சொருகிவிட்டு "நான் கம்பியில்தான் போட்டிருக்கேன்" என்பார்கள். அந்தப் பெட்டி தாய்ப்பெட்டியோடு காற்றில் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் கம்பி அரை மீட்டர்தான். மீதி எல்லாம் காற்று. அதேபோல் பிள்ளைப்பெட்டிக்குப் போகும் கம்பி, தாய்ப்பெட்டியைத் தாண்டிய பிறகுதான் கிளம்ப வேண்டும். தாய்ப்பெட்டி ரூட்டராக இருக்கும்போது, நேராக ஃபைபர் பெட்டியிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் பிள்ளை தாயைத் தேடிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டரில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 வர வேண்டிய இடத்தில் 100 காட்டினால் முதலில் போர்ட்டே 100-தானா என்று பாருங்கள், விலை குறைந்த பெட்டிகளில் அப்படி உண்டு. போர்ட் சரி என்றால் ஏதோ ஒரு ஜோடி நொண்டுகிறது. 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேண்டும். விலாசம் 169.254 என்று ஆரம்பித்தால் கேட்ட விலாசம் கிடைக்கவில்லை, கம்ப்யூட்டரே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், பெட்டியை அல்ல.

கேபிள் வாங்கும்போது பிளேடால் சுரண்டிப் பாருங்கள் என்பதும் என் வேண்டுகோள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். கேட் 6 என்று மேலே அச்சடித்திருந்தாலும் அந்தத் தரத்துக்கு அது சேராது. அலுமினியம் செம்பில் ஐந்தில் மூன்று பங்குதான் மின்சாரம் கடத்தும், இரண்டு தடவை மடக்கினால் ஒடியும். அதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் சுவருக்குள் விட்டுப் பூசுவது திருட்டு என்பது என் கருத்து. இதைச் சொன்னதற்காக அண்ணனிடம் ஒருமுறை திட்டும் வாங்கியிருக்கிறேன். இப்போது அவரே பிளேடு வைத்திருக்கிறார்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளில் வேறு கதை. வீட்டிலிருந்து ஷெட்டுக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்திருப்பார்கள். கோடை மழைக்கு ஒரு இடி, இரண்டு பக்கமும் போர்ட் காலி. நூறு மீட்டருக்கு மேல் அந்தக் கேபிளை நம்பவும் கூடாது. அங்கே ஃபைபர்தான் போட வேண்டும், கண்ணாடியில் மின்சாரம் போகாது.

நம் வகுப்பிலேயே சில பேர், "இதெல்லாம் வயர்மேன் வேலைடா, டிப்ளமோ படிச்சுட்டு ஏணி ஏறுவியா?" என்கிறார்கள். நான் ஏறுவேன். இத்தனை நாள் நான் செய்த தவறு ஏணி ஏறியது அல்ல. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டுவதைப் பழுது பார்ப்பது என்று நினைத்தேன், அதுதான் தவறு. பெட்டி மாற்றுவதற்கு மூன்று வருஷப் படிப்பு எதற்கு? கடைக்காரரே மாற்றிவிடுவார்.

நம் லேப் பரீட்சையைப் பாருங்கள். இரண்டடிக் கேபிளைக் கிரிம்ப் செய்கிறோம். டெஸ்டரில் எட்டு விளக்கு எரிந்தால் முழு மார்க். நான் குமாரபாளையத்தில் போட்ட அந்தக் கேபிளுக்கும் நம் லேபில் முழு மார்க் கிடைத்திருக்கும்! அதனால் துறைத்தலைவரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நல்ல கேபிள் செய்யச் சொல்வதோடு, கெட்டுப்போன கேபிள் ஒன்றைக் கையில் கொடுத்து, என்ன கெட்டது, எப்படித் தெரியும் என்று கேட்டு மார்க் போடுங்கள். "தெரியவில்லை, இன்னும் இதைப் பார்க்க வேண்டும்" என்று காரணத்தோடு எழுதுகிறவனுக்கும் பாதி மார்க் கொடுங்கள். சார் சிரித்தார். மறுக்கவில்லை. "கெட்ட கேபிளுக்கு எங்கே போறது?" என்று மட்டும் கேட்டார்.

அதற்காக லேபில் டெஸ்டர் வைக்கும் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ, வேலைக்குப் போகிற இடத்திலோ ஒடிந்தது, எலி கடித்தது, இடி விழுந்தது, தப்பாகக் கிரிம்ப் செய்தது என்று எது கிடைத்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டு வந்து போடுங்கள். என்ன புகார் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். என்ன குற்றம் என்று எழுத வேண்டாம். முதல் கேபிளை நான் போட்டுவிட்டேன். அதில் கட்டியிருக்கும் சீட்டில் "தறி ஓடினால் நெட் வராது" என்று எழுதியிருக்கிறது.