முட்செடியென்று வெட்டலாமா?

பிரித்தானியாவில் வீடு வாங்கும் நம்மவர் பலர், வேலியோரம் நிற்கும் காட்டு ரோசாவை முட்செடியென்று பிடுங்கி எறிந்துவிட்டுக் கடையில் ஒட்டு ரோசா வாங்கி நடுகின்றனர். இச்செயல் எனக்கு உடன்பாடன்று. அந்த ஒட்டு ரோசாவும் பெரும்பாலும் ஒரு காட்டு ரோசாவின் வேரிலேயே நிற்கின்றது என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்?

ஆங்கிலேயர் 'நாய் ரோசா' என அழைக்கும் இச்செடி யூன் மாதத்தில் ஐந்திதழ்ப் பூக்களை விரிக்கும். பூவின் அழகு சில நாட்களே. இலையுதிர்காலச் செங்கனிகளே அதன் செல்வம். இரண்டாம் உலகப் போரில் தோடம்பழம் அரிதாகியபோது, 1941 முதல் இந்நாட்டுச் சிறுவர் வேலிதோறும் சென்று இக்கனிகளைப் பறித்துக் கொடுத்தனர். அவற்றில் காய்ச்சிய பாகே விற்றமின் சீ வேண்டிக் குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டது. மாணவர்களே, உங்கள் வயதினர் செய்த பணி அது! (கனியின் உள்ளிருக்கும் சுணை தொண்டையை அரிக்கும், பச்சையாக வாயில் வைக்காதீர்கள்.)

வளர்ப்பது எளிது. மண்ணில்லா வேர் நாற்றை நவம்பர் முதல் மார்ச் வரை, நிலம் உறையாத நாளில் நடலாம். வெயில் வேண்டும், உரம் அதிகம் வேண்டாம். பூ உதிர்ந்தவுடன் கத்தரித்தால் கனியில்லை. பறவைகள் உண்டு முடித்தபின், பெப்ரவரியில் மூத்த தண்டுகள் சிலவற்றை மட்டும் அடியோடு வெட்டுக.

கிளுவை, பூவரசு வேலிகளை வெட்டிக் குழையை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் இட்ட யாழ்ப்பாணத்தவருக்கு உயிர்வேலியின் பயனை நான் விளக்க வேண்டியதில்லை. வரும் நவம்பரில் ஒரு நாற்றைப் பிள்ளையின் கையால் நடுவியுங்கள்.