மொட்டைச் செடியில் மொட்டு

பங்குனி பிறந்துவிட்டால் தாம்பரத்து வெயிலைக் கேட்கவா வேண்டும்! கிணற்றுத் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. ஆனால் எங்கள் கொல்லையில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. குண்டுமல்லி கொல்லென்று பூத்திருக்கிறது.

இங்கே சரளை மண்தான். 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தபோது சுற்றிலும் புதர்க்காடு. ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தார்கள். அந்த நிழலைப் பார்க்கும்போதெல்லாம், நம்ம கொல்லையையும் கைவிடக் கூடாது என்று தோன்றும்.

மல்லிகைக்கு ஒரு ரகசியம் உண்டு, சகோதரிகளே. நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுங்கள். கொஞ்ச நாள் தண்ணீரைக் குறையுங்கள். பிறகு தொழு உரம் போட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வாருங்கள். மார்ச்சில் மொட்டு விடும்.

இந்த முறை செடி மொட்டையாக நின்ற நாட்களில்தான், பிரசவத்துக்கு வரவேண்டிய என் மகள், ஐந்தாம் மாதத்திலேயே குழந்தையை இழந்து வந்து சேர்ந்தாள். பார்க்க வந்த ஒரு அம்மா, "ஆண்டவர் கவாத்து பண்றார்மா, எல்லாம் நன்மைக்கே" என்றார். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. செடியும் குழந்தையும் ஒன்றா?

லெந்து நாட்களில் ஒரு காலை, யோவான் சுவிசேஷம் இருபதாம் அதிகாரத்தை வாசித்தேன். கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நிற்கிறாள். உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவரோ உபதேசம் எதுவும் பண்ணவில்லை. முதலில், எதற்காக அழுகிறாள் என்று கேட்டார். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக "அழாதேம்மா" என்று மட்டும்தானே சொல்லியிருக்கிறேன்! அன்று சாயங்காலம் கொல்லைப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லும்மா" என்றேன். குழந்தைக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். இரண்டு பேரும் அழுது தீர்த்தோம்.

நேற்று அவளாகவே மொட்டுப் பறித்தாள். தலையில் வைக்கவில்லை, வேதாகமத்தின் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்தாள். ராத்திரி வீடெல்லாம் மணத்தது.

துக்க வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லாதீர்கள், சகோதரிகளே. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அது போதும்.