குழாய்க்கும் நாடி பார்க்கலாம்

மங்களூர் என்றதும் உங்களில் பலருக்குக் கர்நாடகத்துக் கடற்கரையும் சிவப்பு ஓடும் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அந்த மங்களூர் அல்ல. நம் கடலூர் மாவட்டத்திலே, திட்டக்குடி வட்டத்திலே, விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற மங்களூர். அங்கிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் போன மாதம் என் மேஜைக்கு வந்தது. படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. கடிதத்தின் சாரம் இதுதான்:

"எங்கள் வீட்டில் கீழே மாமனாரின் மளிகைக் கடை, மேலே குடித்தனம். என் கணவர் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைக்குப் போய் வருகிறார். எனக்கு இது ஏழாம் மாதம். மாடிக் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூலாக விழுகிறது. கீழே கொல்லைக் குழாயிலோ கொட்டுகிறது! 'அம்மாடி, நீ குனியக் கூடாது, தூக்கக் கூடாது' என்று சொல்லி, அறுபத்தெட்டு வயது மாமியார் தாமே வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். போன வெள்ளிக்கிழமை படியில் வழுக்கிவிட்டார். தெய்வாதீனமாகக் கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. குழாய்க்காரர் வந்து பார்த்து, 'பிரஷர் மோட்டார் வைத்தால்தான் சரிப்படும்' என்கிறார். பிரசவச் செலவுக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் கை வைக்க வேண்டும். வைக்கலாமா?"

கடிதத்தின் அடியிலே பின்குறிப்பு ஒன்று: "என் நாத்தனார் கனடாவில் டொரான்டோவில் இருக்கிறாள். அவள் வீட்டிலும் ஜனவரி மாதத்துக் காலை வேளைகளில் குழாய் இதே மாதிரி நூலாகிவிடுகிறதாம். இரண்டும் ஒரே வியாதிதானா?"

சகோதரிகளே, ஜுரம் என்று போனால் நல்ல டாக்டர் உடனே ஊசியை எடுக்க மாட்டார். நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பிடிப்பார், "எப்போதிலிருந்து?" என்று கேட்பார். குழாய்க்கும் அதே முறைதான். மோட்டார் என்பது கடைசி மருந்து. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

முதலில், தண்ணீருக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வோம். உயரத்திலிருந்துதான். குழாயின் வாய்க்கு மேலே தண்ணீர் மட்டம் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. ஒரு மீட்டர் உயரம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான் கணக்கு. "ஐந்நூறு லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் வேகம் கூடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டி எவ்வளவு அகலம் என்பதைக் குழாய் கேட்பதே இல்லை. எவ்வளவு உயரத்தில் தண்ணீர் நிற்கிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

இந்த அழுத்தம் என்பது சாமான்யப்பட்ட சமாசாரம் அல்ல. விருத்தாசலத்துக்கு அடுத்த நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் அங்கே பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்ட ஆரம்பித்தார்கள். நிலக்கரிப் படுகைக்கு அடியிலே மணல் அடுக்குகளில் அடைபட்டுக் கிடந்த ஊற்று நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வேகத்தில் மேலே நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அதை இறைத்து அடக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் 1961-ல் நிலக்கரியைத் தொட முடிந்தது. பக்கத்து மண்ணுக்கடியில் அத்தனை வேகம். மாடிக் குளியலறையிலோ ஒரு நூல்!

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: எல்லாக் குழாயிலும் குறைவா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் வியாதி அந்தக் குழாயின் வாயில்தான். நுனியில் திருகி வைத்திருக்கும் சின்னச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மணலும் உப்புக் கசடுமாக அடைத்திருக்கும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில் இது மாதாந்திரத் தொல்லை. எலுமிச்சம் பழச் சாற்றிலோ புளித் தண்ணீரிலோ இரவு முழுவதும் ஊறப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் விட்டுவிடும். ஷவரின் தலைக்கும் இதே சிகிச்சைதான். கால் திருப்பு திருப்பினால் திறக்கிற புதுமாதிரிக் குழாய்களுக்குள்ளே ரப்பர் வாஷருக்குப் பதிலாக இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நிற்கும். பீங்கான் தொழில் தெரிந்த வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த வட்டு லேசில் தேயாது. ஆனால் மணல் புகுந்தால் கீறல் விழும். அதனால் சல்லடையை எடுத்தெறிந்துவிட வேண்டாம், கழுவி மாட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி: வெந்நீரில் மட்டும் குறைவா? அப்படியானால் ஹீட்டருக்குள்ளே உப்புப் படிந்திருக்கிறது, அல்லது அதன் வால்வு பாதி மூடியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி: தொட்டியிலிருந்து வரும் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா? பழைய கேட் வால்வுகளில் உள்ளேயிருக்கும் தகடு துருப்பிடித்து அறுந்து விழுந்துவிடும். மேலே கைப்பிடி என்னவோ சுற்றும். உள்ளே பாதை அடைத்தபடியே இருக்கும்.

நான்காவது கேள்வி: குழாயின் உள்விட்டம் என்ன? அரை அங்குலக் குழாய்க்குப் பதிலாக ஒரு அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் இரண்டு மடங்கு வரும் என்று நினைப்போம். அதே உயரத்துக்கு ஐந்து மடங்குக்கும் மேலே வரும்! பழைய இரும்புக் குழாயில் உட்புறம் துரு ஏறினால் இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். கொஞ்சம் அடைப்புக்கு நிறைய நஷ்டம்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியம்: எப்போது குறைகிறது? எப்போதுமா, தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகா, தொட்டி பாதியாகும்போதா?

இதற்குச் சுலபமான பரீட்சை இருக்கிறது. ஒரு பதினைந்து லிட்டர் வாளி, ஒரு கடிகாரம் போதும். ஒவ்வொரு குழாயிலும் வாளி நிரம்ப எத்தனை நேரம் என்று எழுதி வையுங்கள். ஒன்றரை நிமிஷத்தில் நிரம்பினால் குடும்பத்துக்குத் தாராளம். ஐந்து நிமிஷம் தாண்டினால் எங்கேயோ கோளாறு. தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, பாதியாக இருக்கும்போது ஒரு தடவை பாருங்கள்.

மங்களூர் சகோதரிக்கு இந்தக் கேள்விகளை எழுதி அனுப்பினேன். "மொட்டை மாடி ஏறுகிற வேலை தங்கள் கணவருடையது, தாங்கள் கடிகாரம் மட்டும் பாருங்கள்" என்று அடிக்கோடிட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. கணக்குப் பிள்ளை தோற்றுப் போவார், அத்தனை சுத்தமாக எழுதியிருந்தார்:

கொல்லைக் குழாய்: ஒரு நிமிஷம். மாடிக் குழாய், தொட்டி நிறைந்திருக்கும்போது: இரண்டரை நிமிஷம். அதே குழாய், தொட்டி பாதியில்: ஒன்பது நிமிஷம்! நடுவிலே இருமல் வேறு. காற்றும் தண்ணீருமாகக் கக்குகிறதாம்.

கூடவே பென்சிலால் ஒரு படமும் போட்டிருந்தார். அதைப் பார்த்தவுடனே விஷயம் விளங்கிவிட்டது. கொல்லைக் குழாய்க்கு வரும் பழைய பைப்பு தொட்டியிலிருந்து நேராகக் கீழே இறங்குகிறது. மாடிக் குளியலறை பிற்பாடு கட்டியது. அதற்குப் போட்ட புதுப் பைப்பு மொட்டை மாடித் தரையோடு வந்து, மூன்றடி உயரக் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறிக் குதித்து, வெளிச்சுவர் வழியாக இறங்குகிறது. சுவரிலே துளை போடச் சோம்பல்பட்ட வேலை அது.

தொட்டி உட்கார்ந்திருப்பது ஓரடி மேடையில். தொட்டி நாலடி உயரம். நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டம் தரையிலிருந்து ஐந்தடி. மூன்றடிச் சுவரைத் தாண்டிவிடும். பாதியானால் மட்டமும் மூன்றடி, சுவரும் மூன்றடி. தள்ளிவிட ஆள் இல்லை. அதோடு, கூன் விழுந்த அந்த உச்சியிலே காற்றுப் போய் உட்கார்ந்துகொள்ளும். தொட்டி ஒரு தடவை காலியானால் போதும், காற்று குடியேறிவிடும், லேசில் போகாது. அந்த இடத்தில் மோட்டார் வைத்திருந்தால் அது காற்றைத்தான் உறிஞ்சியிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகியிருக்கும். பிரசவப் பணமும் அதோடு போயிருக்கும்.

விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் சுந்தரர் என்பது ஐதிகம். நாம் சுந்தரர் இல்லை. இங்கே விட்ட தண்ணீர் அங்கே வர வேண்டுமானால் நடுவிலே வழி சரியாக இருக்க வேண்டும்.

சிகிச்சை இவ்வளவுதான். கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு துளை போட்டுப் பைப்பை அதன் வழியே விட வேண்டும். வழியில் எங்கும் ஏற்றம் கூடாது. தொட்டி வால்வுக்கு அடுத்தாற்போல ஒரு மெல்லிய குழாயை நட்டுக்குத்தாக, தொட்டியின் உச்சியைவிட உயரமாக நிறுத்தி, வாயைத் திறந்தபடி விட வேண்டும். காற்று அதன் வழியாகப் போய்விடும். பூச்சி விழாமல் நுனிக்கு ஒரு வலை கட்டினால் நல்லது. குழாய் நுனிச் சல்லடையையும் கழுவ வேண்டும்.

மோட்டாரே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொட்டி ஷவருக்கு ஒரு மீட்டர் மேலேதான் இருக்கிறது, மேடையை உயர்த்தவும் வழியில்லை என்றால், தொட்டியிலிருந்து இழுக்கிற சின்ன மோட்டார் நியாயமானதுதான். ஆனால் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. தெருவில் வரும் பொதுக் குழாயோடு நேராக மோட்டாரை இணைத்து உறிஞ்சாதீர்கள். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். நீங்கள் உறிஞ்சும்போது தெருக் குழாயில் அழுத்தம் அற்றுப்போய், விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வருகிற வாந்திபேதிக்கு நம் வீட்டு மோட்டார் காரணமாகலாமா?

இனி டொரான்டோ நாத்தனார். அது வேறு வியாதி. அந்த ஊரிலே தண்ணீர் தொட்டியிலிருந்து வருவதில்லை. நகரத்துக் குழாயிலிருந்தே நல்ல அழுத்தத்தோடு வீட்டுக்குள் வருகிறது. எல்லாக் குழாயிலும் எல்லா நாளும் குறைவென்றால், அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வீட்டில் இருக்கிறதா, அது கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கடுங்குளிர்க் காலையில் மட்டும், அதுவும் வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் மட்டும் என்றால், உள்ளே ஐஸ் கட்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பருக்கும். ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீர் நெருக்குண்டு பைப்பையே வெடிக்கவைக்கும்.

அதற்கு உபாயம்: குழாயைத் திறந்து வைக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் குழாயின் வாய்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். நெருப்பை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் முதல் வால்வு எங்கே என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்; வெடித்தால் ஓடிப் போய் மூட அது வேண்டும். அடுத்த இரவிலிருந்து அந்தக் குழாயை நூலளவு ஓடவிட்டு, தொட்டியடி அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் உறையாது. காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் நடுக்கும் குளிரிலே, ஸ்ரீநகர் வீடுகளிலும் காலையில் இதே பாடுதான். நம் ஊட்டியில் மார்கழி தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி பூப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஆக, மங்களூரில் நூலாக விழுவதற்குக் காற்று காரணம், டொரான்டோவில் ஐஸ். வெளியே பார்க்க ஒரே அடையாளம்தான். அதனால்தான் கேள்வி கேட்காமல் மருந்து வாங்கக் கூடாது என்கிறேன்.

போன வாரம் மூன்றாவது கடிதம் வந்தது. துளை போட்டு, பைப்பை இறக்கி, காற்றுக் குழாயும் நட்டாயிற்று. மோட்டாருக்கு ஆகியிருக்கும் பணத்தில் சிறு பங்குகூடச் செலவாகவில்லையாம். தொட்டி நிறைந்திருக்கும்போது வாளிக்கு ஒன்றரை நிமிஷம். பாதியில் அதைவிடப் பத்து விநாடி அதிகம். கடைசி வரிகள் இவை:

"மாமியார் அரை மணி நேரம் குழாயடியிலேயே நின்று, வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'இனிமேல் எனக்கு வேலை இல்லையா?' என்று கேட்டார். 'இரண்டு மாதம் பொறுங்கள் அம்மா, குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாமா?' என்றேன். சுளுக்குக் காலோடேயே சிரித்துக்கொண்டு போய்ச் சாம்பிராணி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்."