மதிப்பெண்ணா? மதிப்பீடா?

தமிழ்த் துறை மலரில் கணிப்பொறி விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரையா எனப் பெரியோர் சிலர் வியப்புறக்கூடும். ஆனால், ஒரு படைப்பின் நிறைகுறைகளை ஆராய்ந்து நடுவுநிலையோடு கூறும் திறனாய்வு, எத்துறைக்கும் உரியதாயினும் தமிழ்த் துறைக்குச் சிறப்பாக உரியதாகும். புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்ற, அவையோர் தடை எழுப்ப, புலவர் விடை பகர, அதன்பின் நூல் ஏற்கப்பெறுவது நம் முன்னோர் போற்றிய மரபு. அங்குக் காரணத்துக்கே இடமிருந்தது, புள்ளிக்கு இடமில்லை.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பல மணி நேரம் ஈடுபடும் விளையாட்டுகளுக்கும் திறனாய்வாளர் உளர். ஆனால், அவர்கள் எழுதும் கட்டுரையைவிட அதன் இறுதியில் இடும் எண்ணே பெரிதாகப் பேசப்படுகிறது. அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது, யாரை வாழ வைக்கிறது, யாரை வாட்டுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

எண் பிறந்த கதை

1984இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'கிராஷ்' என்னும் இதழ், வரைகலை, விளையாடும் இன்பம், கொடுத்த பணத்துக்கேற்ற பயன் எனப் பகுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விழுக்காடு வழங்கியது. 1986இல் ஜப்பானில் தோன்றிய 'ஃபாமிட்சு' இதழில் நால்வர் தனித்தனியே பத்துக்கு இத்தனை என மதிப்பிட, கூட்டுத்தொகை நாற்பதுக்குக் கணக்கிடப்பெறுகிறது. நால்வரும் முழுமையாக வழங்கிய நாற்பது என்னும் சிறப்பை முதன்முதலில் 1998இல் 'செல்டா' வரிசையின் 'ஆக்கரீனா ஆஃப் டைம்' பெற்றது. ஒருவர் விருப்பு வெறுப்பை மற்றவர் சமன் செய்யும் இம்முறையில் ஓரளவு நியாயம் உண்டு.

ஆயினும், எண்ணுக்குப் பொருள் தருவது யார்? 1993இல் தொடங்கிய 'எட்ஜ்' இதழ் பத்துக்கு ஐந்து என்றால் நடுத்தரம் எனக் கொண்டது. வேறு பல இதழ்களிலோ ஏழு என்பதே நடுத்தரமாகி, ஐந்து என்பது இழிவாகிவிட்டது. ஒரு கடையின் படியும் மறுகடையின் படியும் வேறுவேறு அளவினவாக இருந்தால் நெல் வாங்குபவன் என் செய்வான்?

சராசரியின் ஆட்சி

2001இல் அமெரிக்காவில் தோன்றிய 'மெட்டாகிரிடிக்' நிறுவனம், இவ்வேறுபட்ட படிகளையெல்லாம் நூற்றுக்கு என ஒரே படியாக்கிச் சராசரி காணத் தொடங்கியது. ஐந்து விண்மீன்களுக்கு மூன்று வழங்கியவர், 'குறையுண்டு, ஆயினும் விளையாடத்தக்கதே' என்னும் கருத்தில் வழங்கியிருக்கலாம். அது சராசரிக் கணக்கில் அறுபதாகிறது. திரைப்படமாயின் 61 பெற்றாலே நற்சான்றின் பச்சை நிறம் கிடைக்கும். விளையாட்டாயின் 75 பெற்றாக வேண்டும். மேலும், எந்த இதழின் கருத்துக்கு எவ்வளவு எடை என்பதை அந்நிறுவனம் வெளியிடுவதில்லை. எடைக்கல்லைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு நிறுப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இதன் விளைவு வெறும் பெருமை சிறுமை பற்றியதன்று; உழைப்பாளியின் ஊதியம் பற்றியது. 2010இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்னும் விளையாட்டை அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனத்தார் உருவாக்கினர். சராசரி 85 எட்டினால் ஊக்கத்தொகை உண்டு என்பது வெளியீட்டாளருடன் செய்துகொண்ட ஏற்பாடு. கிடைத்ததோ 84. ஒரு புள்ளி குறைந்தமையால் ஊக்கத்தொகை கைநழுவியது என்பதை அந்நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012இல் வெளிப்படுத்தினார். எங்கோ அமர்ந்து எட்டரைக்குப் பதில் எட்டு எனக் குறித்த ஒரு திறனாய்வாளர், பல குடும்பங்களின் வருவாயைத் தாம் நிறுத்துக்கொண்டிருந்ததை அறிந்திருப்பாரா? அறிந்திருந்தால்தான் அவரால் நடுநின்று எழுத இயலுமா? இரண்டும் தீதே.

தராசைப் பிடிக்கும் கை

பண்டைப் புலவனைப் புரவலர் போற்றினர். இன்று திறனாய்வாளரின் ஊதியமோ பெரும்பாலும் விளம்பர வருவாயிலிருந்து வருகிறது. விளம்பரம் தருவோர் அவ்விளையாட்டுகளை விற்போரே. 2007 நவம்பரில் 'கேம்ஸ்பாட்' தளத்தின் ஆசிரியர்களுள் ஒருவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன் பணிநீக்கம் செய்யப்பெற்றார். அதற்குச் சற்று முன்னர், 'கேன் அண்ட் லிஞ்ச்' என்னும் விளையாட்டுக்கு அவர் பத்துக்கு ஆறு வழங்கியிருந்தார். அதே விளையாட்டின் பெரிய விளம்பரம் அத்தளத்திலேயே இடம்பெற்றிருந்தது. குறைந்த மதிப்பெண்களால் விளம்பரதாரர் தந்த அழுத்தத்துக்கு நிர்வாகம் இணங்கிற்று என 2012இல் அவர் வெளிப்படையாக விளக்கினார்.

அழுத்தம் என்றும் மிரட்டல் வடிவில் வருவதில்லை. 2020 டிசம்பரில் போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன் திறனாய்வாளர்க்குக் கிடைத்தது கணிப்பொறிப் பதிப்பு மட்டுமே. புகழுரையும் உயர்ந்த மதிப்பெண்ணும் குவிந்தன. பழைய பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கருவிகளில் அவ்விளையாட்டு சீராக இயங்கவில்லை என்பதைப் பணம் கொடுத்து வாங்கிய பின்னரே மக்கள் கண்டனர். நிறுவனம் மன்னிப்புக் கோரியது. சோனி நிறுவனம் அவ்விளையாட்டைத் தன் விற்பனைத் தளத்திலிருந்து நீக்கி, 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. இங்குத் திறனாய்வாளர் பொய் உரைக்கவில்லை, கண்டதையே கூறினர். ஆனால், காணாதது எது என்பதை அந்த எண் கூறவில்லை.

அப்படியாயின் தீர்ப்பை மக்களிடமே விட்டுவிடலாமே எனக் கேட்கலாம். 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் வெளிவந்த சில மணி நேரத்திலேயே, முழுவதும் விளையாடி முடித்திருக்க இயலாதோர் ஆயிரக்கணக்கில் பூச்சியம் வழங்கினர். அதன்பின், வெளியீட்டிலிருந்து 36 மணி நேரம் கழிந்த பின்னரே பயனர் மதிப்பிடலாம் என மெட்டாகிரிடிக் விதி செய்தது. தராசு கை மாறினால் மட்டும் நீதி வந்துவிடாது.

அளவுகோலுக்கு அடங்காதவை

தமிழர் நெஞ்சுக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை' நிறுவனம் 2023இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டின் துணையோடு இட்டலி முதலிய உணவுகளைச் சமைப்பதும், தாய்மொழியிலிருந்து விலகிச் செல்லும் மகனோடு உறவைக் காத்துக்கொள்ள முயல்வதுமே அதன் கதை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதனைச் சிறந்த அறிமுக விளையாட்டு எனப் பாராட்டிப் பரிசளித்தது.

நூறு மணி நேரம் வாள் வீசும் விளையாட்டையும், தாயின் மௌனத்தைச் சொல்லும் இச்சிறு படைப்பையும் ஒரே படியால் அளப்பது முறையாகுமா? கால அளவே தகுதி எனின், ஈரடிக் குறளைக் காட்டிலும் நீண்ட புராணமெல்லாம் உயர்ந்தது என்றன்றோ ஆகிவிடும்! ஒரு விளையாட்டு எதைச் செய்ய முனைந்தது, அதை எவ்வளவு செய்தது என்பதைச் சொற்களால் மட்டுமே விளக்க இயலும்.

எண் முற்றிலும் வேண்டா என்று கூறுவதும் எளிதன்று. 'யூரோகேமர்' தளம் 2015இல் மதிப்பெண்ணைக் கைவிட்டு, 2023இல் ஐந்து விண்மீன் முறைக்குத் திரும்பியது. பணத்தையும் நேரத்தையும் எண்ணிச் செலவிடும் வாசகனுக்குச் சுருக்கமான குறிப்பும் தேவையே. ஆனால், அது காரணங்களின் பின்னே வரும் ஏவலனாக இருத்தல் வேண்டும். முன்னே செல்லும் அரசனாக ஆகிவிடலாகாது.

நிறுப்போரின் கடமை

அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உள்ளது. தமக்கு வேண்டியவர் ஆயினும் நீதி பிறழாது சாட்சி கூறுதல் நம் மார்க்கம் வலியுறுத்தும் அறம். திறனாய்வாளனும் ஒரு சாட்சியே. தான் எக்கருவியில் விளையாடினான், எவ்வளவு நேரம் விளையாடினான், படி யாரிடமிருந்து வந்தது, எதைக் காணவில்லை என்பனவற்றை வெளிப்படையாகக் கூறிய பின்னரே அவன் தீர்ப்புக் கூறத் தகுதி பெறுகிறான்.

இக்கடமை நமக்கும் உண்டு. விளையாட்டு என்றாலே வீண் என்று காணாமலே பூச்சியம் இடும் பெரியோரும், எண் ஒன்பது என்றதும் எதுவும் கேளாமல் வாங்கும் இளையோரும் செய்வது ஒரே பிழைதான். இருசாராரும் காரணம் கேட்பதில்லை. மகன் விளையாடும்போது தந்தை அருகமர்ந்து, "இதில் நீ கண்ட நன்மை என்ன? தீமை என்ன?" என்று வினவட்டும். மகன் அதற்கு எண்ணால் அன்றிச் சொல்லால் விடை கூறட்டும். அன்று அவ்வீட்டிலேயே ஒரு திறனாய்வாளன் பிறப்பான்.

தமிழ் பயிலும் மாணவ நண்பர்களே! விளையாட்டுத் திறனாய்வு தமிழில் இன்னும் வளர வேண்டிய துறை. நூலை ஆராயக் கற்ற நீங்கள் இதனையும் ஆராய்ந்து எழுத முன்வாருங்கள். உங்கள் கையில் தராசு வரும் நாளில் அது சாயாதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!